மைனஸ் பதினெட்டு

இரவில் நான் குளிருக்குக் காவல்.
எண்ணூர் சாலையோர யார்டில்
ரீஃபர் கன்டெய்னர்கள் அறுபத்திரண்டு,
வயிற்றில் செருகிய வயர்,
நெற்றியில் சிவப்பு எண்.
மைனஸ் பதினெட்டு.
மைனஸ் பதினெட்டு.
பதினேழு புள்ளி ஆறு என்றால்
வாக்கிடாக்கியில் என் குரல் ஓடும்.
உள்ளே இறால், எந்த ஊர்ச் சாப்பாட்டு மேசைக்கோ.
ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

காலாடிப்பேட்டையில் இரண்டாம் மாடி.
கை மாறி வந்த ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்,
ஃபிரீசர் மூடிக்கு ரப்பர் பேண்டுதான் பூட்டு.
அதற்குள்
ஜோவிதாவின் ஒரு வாரம்.

ஆறு மாதம் முடிந்தது.
ஸ்டான்லி லேபுக்கு ரெஜினா திரும்பியாச்சு.
போகிறபோது படியிலிருந்தே சொன்னாள்:
"உன் சுண்டுவிரல் நீளம், அதே பருமன்.
ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சா நசுங்கணும்.
உப்பு வேணாம், சர்க்கரை வேணாம், தேன் வேணவே வேணாம்.
அது மூஞ்சியச் சுளிச்சா
நீ சுளிக்காத."

தேரடி மார்க்கெட்டில் பூசணிக் கீற்று கேட்டேன்.
"எத்தினி பேருக்கு சார்?"
"அரை ஆளுக்கு."
சிரித்துக்கொண்டே ஒரு கேரட்டைச் சும்மா போட்டார்.

இட்லிப் பானையில் துணி விரித்து
பூசணி, கேரட், நார் உரித்த பீன்ஸ்.
மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை வந்தது,
முதுகால் ஜன்னலைச் சாத்தினேன்.
எடுத்து நசுக்கிப் பார்த்தால்
பத்து வருடமாய்க் கிரீஸ் போகாத நகத்துக்குள்
ஆரஞ்சு.

ஆறவைத்து, எவர்சில்வர் தட்டில்
ஒன்றையொன்று தொடாமல் பரப்பினேன்.
யார்டிலும் அப்படித்தான்,
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஆள் போக இடம்.
கல்லாக இறுகியதும் டப்பாவில் போட்டு
மாஸ்கிங் டேப்பில் எழுதினேன்:
ஜோவி 0001. பூசணி. தேதி பதினாலு.
ரெஜினா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"சீல் எங்க?"

செவ்வாய் இரவு கரண்ட் போனது.
யார்டில் ஜெனரேட்டர் உறுமப் பன்னிரண்டு நொடி.
அந்தப் பன்னிரண்டு நொடியும்
யாரும் மூச்சு விடுவதில்லை.
பிறகு வரிசையாக நெற்றிகள் எரிந்தன.
போனில் ரெஜினா:
"இங்க ஒன்பது மணிலேர்ந்து இல்ல.
விசிறி விசிறி எனக்குக் கை போச்சு."
மூன்று மணிக்கு: "இன்னும் இல்ல."
நாற்பதடி நீளக் குளிருக்கு நடுவில் நிற்கிறேன்,
ஒரு சாண் கடன் கேட்க
யாரிடம் போவது?

விடிந்து வந்தால் ஃபிரிட்ஜைச் சுற்றிக் குளம்.
டேப்பில் மை கரைந்து
0001 ஒரு நெத்திலி மாதிரி நெளிந்துகிடந்தது.
இளகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது,
எங்கள் தொழிலில் அதற்கு ரிஜெக்ட் என்று பெயர்.
ரிஜெக்ட் அத்தனையையும்
நின்றபடியே நான் தின்றேன்,
ஒரு வாரத்தை ஏழு நிமிடத்தில்.
சப்பென்று இருந்தது.
சுளித்தேன்.
நல்லவேளை, ரெஜினா கிளம்பிப் போயிருந்தாள்.

கூடையில் மிச்சம் ஒரே உருளைக்கிழங்கு.
அவித்து, சீவி, ஊதி ஊதி ஆற்றினேன்.
கம்பெனி ரெயின்கோட்டைத் தரையில் விரித்து
அவளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தேன்.
எதிரே பீரோ கண்ணாடியில் அவள் முகம்.

பிடித்தாள். கைப்பிடிக்கு மேலே ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது.
முதலில் காதுக்குக் கொண்டுபோனாள்.
பிறகு புருவம்.
பிறகு என் முழங்கால்.
பிறகு, வழி தெரிந்தவள் போல, வாய்.

குமட்டல் ஒன்று.
நாக்கு முன்னே தள்ள, கண்ணில் நீர் கட்ட,
என் கை தானாக எழுந்தது,
எழுந்த இடத்திலேயே நின்றது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
கண்ணாடியில் அவள் தொண்டை
ஒருமுறை ஏறி இறங்கியது.

டேப் கிழித்து எழுதினேன்:
ஜோவி 0002. உருளை. டெலிவரி ஆனது.
ஒட்ட டப்பா இல்லை, என் சட்டையில் ஒட்டினேன்.
அப்படியே இருவரும் தூங்கிப்போனோம்.

சாயங்காலம் ரெஜினா குனிந்து
என் நெஞ்சைப் படித்தாள்.
"எவ்ளோ உள்ள போச்சு?"

"பாதி பீரோவுல இருக்கு."